பெட்டி அழகு, சுருள்? ஜெருசலேமில் மெசூசா வாங்குவோருக்கு

மெசூசா என்பது யூத வீடுகளின் கதவு நிலையில் பதிக்கும் வேத வசனச் சுருள். ஜெருசலேம் பழைய நகரின் கடைத்தெருக்களில் அதற்கான பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். ஒலிவ மரத்தில் செதுக்கியது, வெள்ளியில் வார்த்தது, கண்ணாடியில் செய்தது என்று விதவிதமாக இருக்கும். யாத்திரை போகிறவர்கள் நினைவுப் பொருளாகவோ, யூத நண்பருக்கு அன்பளிப்பாகவோ ஒன்றை வாங்கி வருவது வழக்கம். 'சுருளும் உள்ளேயே இருக்கு' என்று கடைக்காரர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். உண்மையில் அங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும். யூத சமயச் சட்டத்தில் பெட்டி ஒரு உறை, அவ்வளவே. சாதாரண பிளாஸ்டிக் குழாயும் அந்த வேலையைச் செய்யும். கதவு நிலையில் பதிக்கச் சொன்ன பொருள் உள்ளே இருக்கும் தோல்சுருள். அதில் கடவுளின் பெயர் 10 இடங்களில் வருகிறது. அந்த 10 இடங்களை யார், எப்படி எழுதினார் என்பதைப் பொறுத்தே ஒரு சுருள் கோஷர் ஆகிறது, அல்லது பாஸுல் ஆகிறது. கோஷர் என்றால் செல்லும், பாஸுல் என்றால் செல்லாது.

விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டவை மூன்று சுருள்கள். முதலாவது, ஜெருசலேமின் கேயுலா வட்டாரத்தில் தோராச் சுருள் (மோசேயின் ஐந்து நூல்கள் எழுதியது), தெஃபிலின் (தொழுகையில் நெற்றியிலும் கையிலும் கட்டும் வசனப் பெட்டிகள்), மெசூசா மட்டுமே விற்கும் ஒரு சிறு கடையில் வாங்கிய 12 செ.மீ. சுருள், 'பெய்த் யோசேஃப்' என்ற எழுத்து வகை. இரண்டாவது, இணையத்தில் 'கையெழுத்து, கோஷர்' என்று மலிவாக விற்ற 10 செ.மீ. சுருள். மூன்றாவது, ஒலிவ மரப் பெட்டியோடு இலவசமாக வந்தது. கடைகளின் பெயர் இங்கே வேண்டாம். இதே மூன்று தரமும் ஊர் முழுக்கக் கிடைக்கின்றன.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிந்தால்தான் மேலே படிப்பது புரியும். உபாகமம் 6:4-9, 11:13-21 ஆகிய இரண்டு பகுதிகள். தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு 'இஸ்ரவேலே, கேள்' என்று தொடங்கும் இடம் மனப்பாடமாகவே இருக்கும். எபிரெயத்தில் இது 22 வரி, 713 எழுத்து. ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடினாலும் முழுச் சுருளும் பாஸுல். தமிழில் 'கர்த்தர்' என்று படிக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது யூத், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்துப் பெயர். அதை எழுதியபடி யாரும் உச்சரிப்பதில்லை. தொழுகையில் 'அதோனாய்' என்பார்கள், பேச்சில் 'ஹஷெம்', அதாவது 'அந்தப் பெயர்', என்பார்கள். மெசூசாவில் இந்த நான்கெழுத்து 7 முறை வருகிறது. நம் தேவன், உன் தேவன், உங்கள் தேவன் என்ற பொருளில் 'எலோஹிம்' என்ற சொல்லின் வடிவங்கள் 3 முறை. ஆக 10.

'எலோஹிம்' நான்காவது முறையும் வருகிறது, 'வேற்றுத் தெய்வங்கள்' என்று சொல்லும் இடத்தில். எழுத்துகள் அதே எழுத்துகள், ஆனால் அங்கே அது புனிதப் பெயர் ஆகாது. சோஃபர், அதாவது இந்தச் சுருள்களை எழுதுபவர், 10 பெயர்களில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'ஹஷெமின் பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நான்காவது இடத்தில் சொல்லக் கூடாது. பழக்க வேகத்தில் கை ஓடுகிற ஒருவர் இந்த இரண்டில் எதையும் தவறவிடலாம். முடிந்த சுருளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் கிடையாது. மை ஒன்றுதான், தோல் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். மெசூசா வாங்குகிறவர் காசு கொடுப்பது பெருமளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத இந்த ஒழுங்குக்கு. சோஃபர் யார் என்று தெரியாமல் வாங்காதீர்கள் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இது.

அழிக்கக் கூடாத பெயர்கள் என்று மரபு 7 பெயர்களைச் சொல்கிறது. நான்கெழுத்துப் பெயர், அதோனாய், ஏல், எலோவா, எலோஹிம், ஷத்தாய், ட்ஸெவாஓத் என்பது ஒரு வழக்கமான பட்டியல். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. வேற்றுத் தெய்வங்களின் பெயரை அழித்துப் போடுங்கள், உங்கள் கடவுளுக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்கிற உபாகமம் 12-ஆம் அதிகார வசனம்தான் அடிப்படை. பெயருக்கு முன்னால் ஒட்டும் எழுத்தை அழிக்கலாம், பின்னால் ஒட்டும் எழுத்தை அழிக்கக் கூடாது. 'க்கு' என்ற பொருள் தரும் லாமெத் பெயருக்கு முன் வந்தால் அது சாதாரண எழுத்து. 'நம்முடைய' என்ற பொருளில் எலோஹிமின் கடைசியில் சேரும் இரண்டு எழுத்துகளோ, பெயரோடு சேர்ந்து தாமும் புனிதம் பெற்றுவிடுகின்றன.

இனி முதல் சுருள். கையில் எடுத்ததும் தெரிவது தோலின் தன்மை. இதற்குக் கிளாஃப் என்று பெயர். உண்ணத் தகுந்த விலங்கின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி எடுப்பது. பதனிடும்போதே 'புனித எழுத்துக்காக' என்ற நோக்கத்தைச் சொல்லித் தொடங்க வேண்டும். பறை செய்யப் பதப்படுத்திய தோலை வாங்கி வந்து பிறகு எழுதினால் செல்லாது. இந்தச் சுருளின் கிளாஃப் மெல்லியது, இருபுறமும் இயற்கையான வெளிர்மஞ்சள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசான நரம்போட்டம் தெரிகிறது. மேலே வெள்ளைப் பூச்சு இல்லை. அதுவே முதல் நற்குறி.

சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வரிக்கு மேலும் ஒரு கீறல் கோடு ஓடுவது தெரியும். கூரான முனையால் நிறமில்லாமல் கீறிய கோடு. எழுத்துகள் இந்தக் கோட்டிலிருந்து தொங்கும், நம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது போலக் கோட்டின் மேல் உட்காராது. மெசூசாவுக்கு இந்தக் கோடு கட்டாயம். விரல் நகத்தால் ஓரத்தை மெல்லத் தொட்டாலும் பள்ளம் உணர முடியும். எழுத்துப் பகுதியில் நகம் பட வேண்டாம்.

மை என்பது மாசிக்காய்ச் சாறு, கருவேலம்பிசின், அன்னபேதி அல்லது மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சியது. மூன்றின் அளவும் ஒத்துப் போனால் மை ஆழ்ந்த கறுப்பாக, மங்கலான பளபளப்போடு, தோலை லேசாகக் கவ்வி நிற்கும். பிசின் கூடினால் அரக்கு போல மின்னும், உலர்ந்ததும் விறைத்து, சுருட்டும்போது வெடிக்கும். அன்னபேதி கூடினால் சில ஆண்டுகளில் துரு நிறத்துக்குப் போகும். கறுப்பு என்பது அழகுக்காகச் சொன்னது இல்லை. சிவந்து பழுத்துப்போன எழுத்து பாஸுல். முதல் சுருளின் மை சரியான அளவில் இருக்கிறது. எழுத்தின் தடித்த கால்களில்கூட விரிசல் இல்லை.

எழுத்தின் தரத்தை அறிய எல்லா வரியையும் பார்க்கத் தேவையில்லை. 10 மடங்கு பூதக்கண்ணாடியை முதல் வரியின் கடைசியிலும் இரண்டாம் வரியின் முதலிலும் வையுங்கள். எபிரெயம் வலமிருந்து இடம் போவது. முதல் வரி 'எத்' என்ற சிறு சொல்லில் முடிகிறது. இரண்டாம் வரி தொடங்குவதே நான்கெழுத்துப் பெயரில். சோஃபருக்கு இது நெருக்கடியான இடம். பெயரின் முதல் எழுத்தை அப்போதுதான் தோய்த்த பேனாவால் தொடங்கக் கூடாது என்பது விதி. நிரம்பிய முனையிலிருந்து மை சொட்டிப் பெயரைக் கெடுத்துவிடும். அதற்காகப் பாதிப் பெயரில் மை தீர்ந்து நிற்கவும் கூடாது. எனவே அவர் 'எத்' சொல்லின் கடைசி எழுத்தான தாவை எழுதாமல் நிறுத்துவார். பேனாவைத் தோய்த்து, முனையை வழித்து, அந்தத் தாவை எழுதி, புனித நோக்கத்தை வாயால் சொல்லி, அதே மூச்சில் அடுத்த வரியின் நான்கெழுத்தையும் எழுதி முடிப்பார்.

இந்தச் சுருளில் அது அப்படியே பதிந்திருக்கிறது. 'எத்'தின் முதல் எழுத்து சற்றே வெளிறி இருக்கிறது. தா கறுகறுவென்று இருக்கிறது. இரண்டாம் வரியின் யூத், ஹே, வாவ், ஹே நான்கும் அதே கறுப்பில், ஒரே சீராக இறங்குகின்றன. எங்கே தோய்த்தார், எங்கே நிறுத்தினார் என்பதை மையே சொல்கிறது. இப்படி ஒரு இடத்தைக் கண்டால் எழுதியவர் சட்டம் படித்தவர் என்று துணிந்து நம்பலாம். பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது அரசனே வணக்கம் சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது என்ற விதி எழுத்தில் எப்படித் தெரியும் என்று கேட்டால், நிறம் மாறாத அந்த நான்கெழுத்தைக் காட்டலாம்.

இரண்டாம் சுருளுக்கு வருவோம். விலை பாதிக்கும் குறைவு. கையெழுத்துதான், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் கிளாஃபின் எழுதும் பக்கத்தில் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. பூச்சு மேடுபள்ளத்தை நிரப்புவதால் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும், எழுத்து அச்சு போலக் கூர்மையாக வரும். வாங்கும்போது கண்ணைப் பறிக்கும். எழுத்து நிற்பதோ பூச்சின் மேல். சில ஆண்டுச் சூட்டிலும் ஈரத்திலும் பூச்சு செதில் செதிலாகக் கழன்றால் எழுத்தும் கூடவே போகும். ஒரு ஓரத்தை மெல்ல வளைத்துப் பார்த்ததிலேயே பொடி உதிர்ந்தது. போதாக்குறைக்கு, மையிலும் பிசின் அதிகம். வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னுகிறது.

பூதக்கண்ணாடியில் இரண்டு குற்றங்கள் தெரிந்தன. முதல் வரியில் 'ஒருவரே' என்ற பொருள் தரும் 'எஹாத்' சொல்லின் கடைசி எழுத்து தாலெத். அதன் மேல் வலது மூலை கூர்மையாக, பின்பக்கம் லேசாக நீண்டு இருக்க வேண்டும். இந்தச் சுருளில் மூலை உருண்டுவிட்டது. உருண்ட தாலெத் ரேஷ் ஆகிவிடும். 'எஹாத்' என்பது 'அஹெர்' ஆகிவிடும், அதாவது 'வேறொருவர்'. ஒரு மூலையின் வளைவில் வாக்கியத்தின் பொருளே கவிழ்கிறது.

இப்படிச் சந்தேகம் வந்தால் தீர்க்கிற முறை கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும் மிகப் பழையது, இன்றும் நடப்பது. எழுத்துகள் தெரிந்த, ஆனால் வாக்கியத்தை மனப்பாடமாக அறிந்து ஊகித்துவிடாத ஒரு சிறு பிள்ளையை அழைப்பார்கள். அதிபுத்திசாலியும் வேண்டாம், மந்தமும் வேண்டாம் என்பது நிபந்தனை. பக்கத்து எழுத்துகளைத் தாளால் மறைத்து, இது என்ன எழுத்து என்று கேட்பார்கள். தாலெத் என்றால் கோஷர், ரேஷ் என்றால் பாஸுல். வடிவம் அடியோடு கெட்ட எழுத்தைப் பிள்ளை சரியாகப் படித்தாலும் பயனில்லை. இரண்டு மாதிரியும் தோன்றுகிற எழுத்துக்கு மட்டுமே இந்தச் சோதனை.

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரியது. எட்டாம் வரியில் வரும் நான்கெழுத்துப் பெயரில் முதல் ஹேயின் இடது கால் கூரையைத் தொட்டு நிற்கிறது. ஹேயின் அந்தக் கால் தனியாகத் தொங்க வேண்டும், நடுவில் வெள்ளை இடைவெளி வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டிருப்பது மயிரிழைதான். பிளேடு நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் பிரிந்துவிடும். பிறகு ஏன் சரிசெய்ய முடியாது?

இங்கே மூன்று தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. தொட்டுக்கொண்டு பிறந்த ஹே, ஹே ஆகவே இல்லை. சுரண்டி அதை ஹே ஆக்கினால் எழுத்து எழுதப்படவில்லை, செதுக்கப்பட்டது. இதற்கு 'ஹொக் தோகோத்' என்று பெயர், சுற்றியிருப்பதைக் குடைந்து எழுத்தை உண்டாக்குவது. அது செல்லாது. சரி, காலையே முழுதாகச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதலாமே என்றால், மெசூசாவும் தெஃபிலினும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரிசை தவறாமல் எழுதப்பட வேண்டியவை. அடுத்த எழுத்துகள் எழுதியாகிவிட்டபின் திரும்பி வந்து ஒன்றைப் புதிதாக எழுத வழியில்லை. தோராச் சுருளுக்கு இந்தக் கட்டு இல்லை, அங்கே பின்னால் வந்து திருத்தலாம். மூன்றாவது தடை எல்லாவற்றுக்கும் மேலானது. அது பெயரின் எழுத்து. அங்கே பிளேடு வைக்கக் கூடாது. சாதாரணச் சொல்லில் இதே பிழை நேர்ந்து, அடுத்த எழுத்துக்குப் போகும்முன் சோஃபர் கவனித்திருந்தால் காலைச் சுரண்டி மீண்டும் எழுதியிருப்பார். பெயரில் நேர்ந்ததால் அந்தக் கணத்தோடு சுருள் முடிந்தது. மீதி 14 வரியை எழுதியதே வீண்.

விலையின் கணக்கும் இதனால்தான். நேர்மையான சோஃபர் இப்படிப் பாழான தோலை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். தோலும், மையும், அதுவரை உழைத்த நேரமும் போகும். அந்த நஷ்டத்தை மற்ற சுருள்களின் விலைதான் தாங்க வேண்டும். கவனிக்காத மாதிரி எழுதி முடித்து விற்கிறவருக்கு நஷ்டமே இல்லை, அதனால் மலிவாகக் கொடுக்க முடிகிறது. முதல் தரச் சுருளுக்கு நூற்றுக்கணக்கில் ஷெக்கல் ஆகும். 100 ஷெக்கலுக்கும் கீழே ஒருவர் 'கையெழுத்து, சோதித்தது' என்று நீட்டினால், தோல் விலை போக எழுதியவருக்கும் சோதித்தவருக்கும் என்ன மிஞ்சியிருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

அளவிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 22 வரியை 10 செ.மீ.யில் அடக்கினால் ஓரம் போக ஒரு வரிக்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்து 4 மி.மீ. அளவே கிடைக்கும். எழுத்தின் உயரம் அதில் பாதி. தேர்ந்த கை அதிலும் நன்றாக எழுதும். நடுத்தரக் கைக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் எல்லை அது. ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி வெறும் தோல் இருந்தாக வேண்டும், ஒட்டினால் பாஸுல். 6, 7 செ.மீ. சுருள்கள் நகைப்பெட்டி போன்ற குட்டிப் பெட்டிகளுக்காகவே செய்யப்படுகின்றன. அவற்றில் நல்லது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சீக்கிரம் கெடும். முதலில் 12 அல்லது 15 செ.மீ. சுருளை எடுங்கள், அதற்கேற்ற பெட்டியைப் பிறகு தேடுங்கள். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு.

எழுத்து வகையைக் கேட்பார்கள், தயாராக இருங்கள். ஐரோப்பிய மரபு யூதர்களான அஷ்கெனாஸிகளுக்குப் பெய்த் யோசேஃப், அவர்களுள் ஹசிதியப் பக்தி இயக்க மரபினர் பலருக்கு அரிஸால், ஸ்பெயின், மத்தியக் கிழக்கு மரபு யூதர்களான செஃபார்திகளுக்கு வெலிஷ். அஷ்கெனாஸிகள் பறவையிறகுப் பேனாவும் செஃபார்திகள் பெரும்பாலும் நாணல் பேனாவும் பயன்படுத்துவார்கள். அன்பளிப்பு என்றால் பெறுகிறவர் எந்த மரபு என்று முன்பே விசாரித்துவிடுவது மரியாதை.

மூன்றாம் சுருளைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. அது தாள். பழுப்பு நிறம் ஏற்றி அச்சடித்த தாள். கீறல் கோடு இல்லை, மையில் மேடு இல்லை, எல்லா ஹேயும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. மனிதக் கை இரண்டு ஹேயை அப்படி எழுதாது. ஓரத்தைக் கிழித்தால் நார் தெரிகிறது. இதைவிட ஏமாற்றக்கூடியது, உண்மையான தோலிலேயே பட்டுத்துணிச் சட்டம் வைத்து அச்சடிக்கும் வகை. தோலைத் தொட்டுப் பார்த்து நம்பிவிடுவார்கள். அங்கேயும் பூதக்கண்ணாடிதான் காப்பாற்றும். பேனா தொடங்கிய இடத்தில் திரட்சியும், இழுத்த இடத்தில் மெலிவும் இல்லையென்றால் அது எழுத்தில்லை, அச்சு. காப்பு, தாயத்து என்ற பெயரில் தேவதூதர் பெயர்களை உள்ளே சேர்த்து எழுதியவையும் சில இடங்களில் தட்டுப்படும். அப்படிச் சேர்ப்பவர்களை யூதச் சட்ட அறிஞர் ரம்பாம் (மைமோனிடஸ்) 12-ஆம் நூற்றாண்டிலேயே மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். கட்டளையை நிறைவேற்றும் பொருளைச் சொந்த நலனுக்கான தாயத்தாக ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அதை வாங்க வேண்டாம்.

பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். 'ஷத்தாய்' என்ற மூன்றெழுத்துப் பெயர் பின்புறம் எழுதப்படும், சுருட்டிய பிறகு வெளியே தெரியும். 'இஸ்ரவேலின் கதவுகளைக் காப்பவர்' என்ற எபிரெயத் தொடரின் முதலெழுத்துகளாகவும் அதைப் படிப்பார்கள். அஷ்கெனாஸிச் சுருள்களில் இன்னொரு வரி தலைகீழாக இருக்கும்: 'கூஸு பெமுக்ஸாஸ் கூஸு'. எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள். முன்புறம் அதே இடத்தில் இருக்கும் 'ஹஷெம், நம் தேவன், ஹஷெம்' என்ற மூன்று சொற்களின் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அகரவரிசையில் அடுத்த எழுத்தைப் போட்டது இது. யூத் இருந்த இடத்தில் காஃப், ஹே இருந்த இடத்தில் வாவ், வாவ் இருந்த இடத்தில் ஸயின், மறுபடி ஹேக்கு வாவ், ஆக 'கூஸு'. பெயரை வெளிப்புறம் அப்படியே எழுதாமல், இருப்பதை மட்டும் குறிக்கும் வழி. முதல் சுருளில் இரண்டும் சரியாக இருந்தன. இரண்டாம் சுருளில் 'கூஸு' வரி அவசரத்தில் கோணலாக இருந்தது. அது குற்றமில்லை, ஆனால் கையின் குணத்தைக் காட்டுகிறது.

இதே எச்சரிக்கை பெட்டியிலும் வேலை செய்கிறது. நல்ல பெட்டிகளில் ஷத்தாயின் முதலெழுத்தான 'ஷின்' மட்டும் இருக்கும். ஷத்தாய் முழுதாகப் பொறித்திருந்தால் அது அழிக்கக் கூடாத 7 பெயர்களில் ஒன்று. உடைந்தாலும் தேய்ந்தாலும் உலோகக் கழிவில் போட முடியாது. வாங்கும்போதே ஒற்றை ஷின் உள்ளதை எடுத்தால் பின்னால் தொல்லை இல்லை.

சோதனைச் சீட்டு பற்றி. 'கணினியில் சோதித்தது' என்ற முத்திரையைக் கண்டு நிறையப் பேர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கணினிச் சோதனை சுருளைப் படமெடுத்து எழுத்துகளை மூலத்தோடு ஒப்பிடுகிறது. விடுபட்டது, இரட்டித்தது, மாறியது ஆகியவற்றை அது மனிதரைவிட நன்றாகப் பிடிக்கும். எடுத்துக்காட்டாக 'மெசூசோத்' என்ற சொல் முதல் பகுதியில் 5 எழுத்து, இரண்டாம் பகுதியில் வாவ் ஒன்று கூடி 6 எழுத்து. பழகிய கண் இதில் வழுக்கிப் போகும், கணினி போகாது. ஆனால் மயிரிழைத் தொடுகை, சுரண்டிச் செதுக்கிய எழுத்து, பூச்சுத் தோல், மையின் விரிசல் ஆகியவற்றை மகியா என்னும் சோதகரின் கண்தான் காணும். இரண்டும் வேண்டும். சீட்டில் சோதகர் பெயர், தேதி, சோஃபரின் பெயர் அல்லது குறியீடு, எழுத்து வகை ஆகியவை இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். முதல் கடைக்காரர் கேட்காமலே இவற்றைக் காட்டினார், சோஃபரிடம் எந்த அமைப்பின் சான்று இருக்கிறது என்றும் சொன்னார். இஸ்ரேலின் பினே பிராக் நகரிலுள்ள 'மிஷ்மெரெத் ஸ்தாம்' போன்ற அமைப்புகள் சோஃபர்களைச் சட்டத்தில் தேர்வு வைத்துச் சான்று தருகின்றன. பெயரை எழுதும்போது வாயால் சொன்னாரா என்பதற்குச் சான்று கிடையாது என்பதால், சட்டம் படித்து இறையச்சத்தோடு வாழ்கிறவரா என்பதே மிஞ்சியிருக்கும் ஒரே பிடிமானம்.

பதிக்கும்போது கெடுப்பதும் நிறைய நடக்கிறது. சுருளை இடது ஓரத்திலிருந்து வலது பக்கமாகச் சுருட்ட வேண்டும், எழுத்து உட்புறம். விரித்தால் 'ஷெமா' ('கேள்') என்ற தொடக்கச் சொல் முதலில் வர வேண்டும். இறுக்கிச் சுருட்டாதீர்கள், விரல் பருமன் தளர்வு இருக்கட்டும். மை வெடிப்பதில் பாதி இறுக்கத்தால் வருவது. மடிக்கவே கூடாது. வெளிவாசலுக்கு என்றால் மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றலாம். உள்ளே ஈரம் இல்லாதபோது சுற்ற வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக்கே வேர்த்து மையை இளக்கும். பெட்டியின் நடுவில் ஆணி அடிக்கும் வகையைத் தவிருங்கள். ஆணி தோலைத் துளைத்து எழுத்துக்குள் போன சுருள்களைச் சோதகர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். நுழையும்போது வலப்பக்க நிலை, உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கின் அடிப்பகுதி, நிலையின் வெளி ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி அகலத்துக்குள். அஷ்கெனாஸிகள் மேல்முனையை உள்நோக்கிச் சாய்ப்பார்கள், செஃபார்திகள் நேராக வைப்பார்கள். 7 ஆண்டில் 2 முறை கழற்றிச் சோதிப்பது சட்டம். பலர் ஒவ்வோர் ஆண்டும் யூத நாட்காட்டியின் எலூல் மாதத்தில் சோதகரிடம் கொடுக்கிறார்கள்.

பழுதானதை எறிய முடியாது என்பது இந்தப் பொருளோடு கூடவே வாங்குகிற பொறுப்பு. பெயர் உள்ள எழுத்து கெனிசாவுக்கு, அதாவது பழுதான புனித எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு, போக வேண்டும், அங்கிருந்து மண்ணில் புதைக்கப்படும். ஜெருசலேமின் குடியிருப்புகளில் இதற்கெனத் தெருவோரப் பெட்டிகள் உண்டு. கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இப்படிச் சேர்த்து வைத்தவை புதைக்கப்படாமலே பல நூற்றாண்டு கிடந்தன. 1896-97-இல் சாலமன் ஷெக்டர் அவற்றைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார், அங்கே மட்டும் ஏறக்குறைய 1,93,000 துண்டுகள். 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோ கெனிசாவிலிருந்துதான் நமக்குக் கிடைத்தன. பெயரைக் குப்பையில் போடக் கூடாது என்ற வழக்கம் இல்லாவிட்டால், இந்தியாவின் மேற்குக் கடற்கரையின் மிளகு, இரும்பு வணிகத்தைப் பற்றி அந்த யூத வணிகர்கள் கைப்பட எழுதியது எதுவும் மிஞ்சியிருக்காது.

முதல் சுருளைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவதை அதே விலைக்கு இரண்டு கொடுத்தாலும் வேண்டாம். அதை எட்டாம் வரியில் ஒரு குறிப்புச் சீட்டு வைத்து, யாரும் தெரியாமல் மறுபடி கதவில் மாட்டிவிடாதபடி, கெனிசாப் பெட்டியில் சேர்த்தாயிற்று. ஒலிவ மரப் பெட்டியில் வந்த தாள் கதவுக்கு ஒரு நாளும் பயன்படாது. ஆனால் அச்சடித்தவர் அதிலும் நான்கெழுத்தை 7 இடத்திலும் முழுதாகவே அச்சடித்திருக்கிறார். அதுவும் தனி உறையில், அதே கெனிசாப் பெட்டிக்குத்தான் போனது.